ஆருக்கு எழும்புவார்?

அவர் ஆஸ்பத்திரி வாட்டுக்குள் நுழைந்தால் கிழவர்கள் எல்லாரும் காலை இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்க வருகிற வாத்தியாரிடம் கையை ஒளிக்கிற பிள்ளைகள் மாதிரி. ஒளித்தும் பயனில்லை. போர்வையை இரண்டு விரலால் தூக்கி, பெருவிரலில் தொடங்கி முழங்கால் வரைக்கும் ஆறுதலாகப் பார்த்துவிட்டு, "ஐயா, எழும்பி நாலடி நடந்து காட்டுங்கோ" என்பார். அந்த நாலடிக்குள் தீர்ப்பு முடிந்துவிடும்.

மன்னாரில் தாதிமார் எல்லாரையும் நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். ஆகையால் அவருடைய பெயர் எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. முசலிப் பக்கத்து முஸ்லிம் ஆள் என்று ஒருவர் சொன்னார். ஐம்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு, கையில் எந்நேரமும் ஒரு அட்டை, அட்டையில் செருகிய படிவம். ஆண்கள் வாட்டில் படுத்திருக்கிற வயது போனவர்களில் யார் விழக்கூடும் என்று முன்கூட்டியே கணித்து வைக்கிற படிவம் அது. மற்றத் தாதிமாரும் அதை நிரப்பினார்கள். அவர்களுக்கு அது பத்து வேலையில் ஒன்று. இவருக்கு அது ஒன்றுதான் வேலை. மற்ற ஒன்பதையும் போகிற வழியில் செய்தார்.

நான் அப்போது ஒரு அரச கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற லிகிதர். படிவம் என்றால் எனக்கு மோர் குடிக்கிற மாதிரி. எதைக் கேட்டாலும் "இல்லை" என்று எழுதினால் வேலை அத்தோடு முடியும், "ஆம்" என்று எழுதினால் அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். இது எனக்குப் பன்னிரண்டு வருட உத்தியோகம் படிப்பித்த ஞானம். இந்த ஞானத்தை நான் எங்கே கொண்டுபோய்ப் பாவித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னை மதிக்கமாட்டீர்கள். பிறகும் மதிக்கமாட்டீர்கள், ஆனால் அதற்குள் கொஞ்சம் சிரித்திருப்பீர்கள்.

படிவத்தில் ஆறு கேள்வி. முன்பு விழுந்திருக்கிறாரா, வேறு நோய் வருத்தம் உண்டா, எதைப் பிடித்து நடக்கிறார், சேலைன் ஏறுகிறதா, நடை எப்படி, தன்னுடைய பலம் தனக்குத் தெரியுமா. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளி கூடினால் ஆபத்து கூட. கடைசிக் கேள்வியை எங்கள் கரையில் எந்த ஆம்பிளையிடமும் கேட்கக்கூடாது. கேட்டால் கட்டிலைத் தூக்கிக் காட்டப் பார்ப்பான்.

ஆறுக்குக் கீழே, வெற்றிடத்தில், மிஸி பென்சிலால் ஏழாவதாக ஒன்றை எழுதி வைத்திருந்தார். "ஆருக்கு எழும்புவார்?"

நான் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன மிஸி, கலியாணப் பேச்சே?" என்று கேட்டேன்.

"தம்பி, தலைசுத்தி விழுறவை கொஞ்சப்பேர். கால் ஏலாமல் விழுறவையும் கொஞ்சப்பேர். இந்த வாட்டில கனபேர் மரியாதையால விழுறவை" என்றார். பகிடி விட்ட மாதிரித் தெரியவில்லை. அவர் பகிடியே விடுவதில்லை. என்னைப் போன்ற ஒருவனுக்கு அது பெரிய சித்திரவதை.

ஆனால் அவர் சொன்னது சரி. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே படுத்திருந்தார். காலையில் பெரிய டொக்டர் வருகிற சத்தம் கேட்டால் படக்கென்று கட்டிலை விட்டிறங்கி, சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, விறைப்பாக நிற்பார். மிஸி அவரோடு சண்டை பிடிக்கவில்லை. டொக்டரோடுதான் பிடித்தார். "நீங்கள் வரக்குள்ள 'படுங்கோ, படுங்கோ' எண்டு சொல்லிக்கொண்டு வாங்கோ டொக்டர்." அந்த மனிதரும் பாவம், ஒவ்வொரு நாளும் வாசலிலேயே இரண்டு கையையும் தாழ்த்தித் தாழ்த்தி, கோழிக்குஞ்சை அமத்துகிற மாதிரி, "படுங்கோ, படுங்கோ" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருவார்.

வெள்ளிக்கிழமைகளில் சுவாமியார் நோயாளருக்கு நன்மை, அதுதான் நற்கருணை அப்பம், கொண்டு வருவார். எங்கள் வழக்கப்படி முன்னுக்கு ஒருவர் சின்ன மணி ஒன்றை அடித்துக்கொண்டு வருவார். அந்த மணி கேட்டால் வேதக்காரக் கிழவர்கள் யாரும் கட்டிலில் கிடக்கமாட்டார்கள். ஒன்றுக்கும் ஏலாது, மூத்திரப் போத்தலைக்கூட மற்றவன்தான் பிடிக்க வேண்டும் என்று கிடக்கிறவரும் வழுகி இறங்கி முழங்காலில் நிற்பார். முழங்காலில் நிற்கிறது சுகம். பிறகு எழும்புகிறதுதான் சங்கடம். மிஸி ஒரு வெள்ளிக்கிழமை வாசலிலேயே சுவாமியாரை மறித்துவிட்டார்.

"ஃபாதர், மணியைப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ."

"அதெப்படி மிஸி? ஆண்டவர் வாறார் எண்டு சனத்துக்குத் தெரிய வேணுமே."

"தான் வாறது உங்கட ஆண்டவருக்குத் தெரியும்தானே. இவங்களுக்குத் தெரிஞ்சால்தான் வில்லங்கம்."

சுவாமியார் மணியின் நாக்கைக் கைக்குட்டையால் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அன்றிலிருந்து ஆண்டவர் அந்த வாட்டுக்குச் சத்தமில்லாமல்தான் வந்து போனார்.

கிழவர்களின் சாரம் நிலத்தில் இழுபட்டால் மிஸி குனிந்து கரையை மடித்து ஊசி குத்திவிடுவார். அடி தேய்ந்த செருப்பைக் கண்டால் கேட்காமலே குப்பைக்குள் போடுவார். ஒருமுறை ஆஸ்பத்திரி முற்றத்துக்குள் கழுதை ஒன்று வந்து நின்றது. மன்னாரில் கழுதை வராத இடம் எது? அது ஈரமான சீமெந்துக்கு முன்னால் நின்று, ஒரு காலை நீட்டிப் பார்த்து, திரும்ப எடுத்து, சுற்றிக்கொண்டு போனது. மிஸி யன்னலால் பார்த்துக்கொண்டே நின்றார். "நாலு கால் இருந்தும் அது யோசிச்சு வைக்குது, பாருங்கோ" என்றார். அவர் ஒருவரைப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒருதரம்தான்.

இனி அப்பாவின் கதைக்கு வரவேண்டும். இவ்வளவு நேரமும் சுற்றிக்கொண்டு நின்றது அதற்குப் பயந்துதான்.

அப்பா எங்கள் கரையூர் ஓலைத்தொடுவாயில் சம்மாட்டியாக இருந்தவர். சொந்தமாகப் படகும் வலையும், அவற்றில் வேலை செய்ய ஆட்களும் வைத்திருந்தவர். அவர் கரையில் இருக்கிற மீன் வாடிக்குள் வந்தால் மற்றவர்கள் எழும்புவார்கள். அவர் யாருக்கும் எழும்பி நான் கண்டதில்லை. எழுபத்தெட்டு வயதில் கால் வீங்கி, மூச்சு இழுத்து, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீர் இறங்கக் குளிசை கொடுத்தார்கள். அரை மணிக்கு ஒருதரம் கக்கூசுக்குப் போக வேண்டும் என்று நின்றார். போத்தலைக் கொடுத்தால் எறிந்தார்.

மிஸி அவருடைய காலைப் பார்த்தார். நாலடி கேட்டார். அப்பா ஆறடி நடந்து காட்டினார், கொழுப்பு. உடனே அவரைத் தொட்டிலில் போடச் சொன்னார் மிஸி.

தொட்டில் என்பது நோயாளர் வைத்த பெயர். மிஸியின் மேசைக்குப் பக்கத்தில் மூன்று கட்டில், இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. விழக்கூடியவர்கள் என்று கணித்தவர்களை அங்கேதான் கிடத்துவார்கள். அந்த மூன்றும் நிரம்பினால் நாலாமவருக்கு இடமில்லை. மிஸி ஒவ்வொரு நாளும் படிவத்தைப் பார்த்து, யாருக்குக் கூட ஆபத்து என்று நிறுத்து நிறுத்துத்தான் இடம் கொடுத்தார்.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "டேய், நாளைக்கு ஊராக்கள் வருவாங்கள். என்னை இதுக்குள்ள கண்டாங்களெண்டா ஓலைத்தொடுவாய் முழுக்க நிண்டு எனக்குத் தாலாட்டுப் பாடும். என்னை அங்கால மாத்தச் சொல்லு."

"அங்கால" என்று அவர் காட்டியது மூலைக் கட்டில். அதற்குப் பக்கத்தில், அப்பாவின் படகில் முப்பது வருடம் வலை இழுத்த மனிதர் ஈரல் வருத்தத்தோடு படுத்திருந்தார். அப்பாவுக்கு அவரைப் பேசாமல் பொழுது போகாது. பேச்சு வாங்காமல் அவருக்கும் போகாது.

அடுத்த நாள் காலை மிஸி அட்டையோடு வந்து என்னிடம் கேட்டார். அப்பாவைக் கேட்டால் பொய் சொல்வார் என்று என்னைக் கேட்டார். மன்னாரில் இருந்த ஒரேயொரு உண்மை பேசுகிற ஆள் நான்தான் என்று நினைத்துவிட்டார் போல.

"முன்னம் விழுந்திருக்கிறாரோ?"

விழுந்திருந்தார். இரண்டு தரம். ஒருமுறை வாடியில் வலைக் குவியலில் கால் சிக்கி. மற்றது பூசையில், முழங்காலில் இருந்து எழும்பும்போது, வாங்குப் பலகையைப் பிடித்தபடி பக்கவாட்டில். கோயிலில் அதைக் கண்டவர்களை எல்லாம் அப்பா ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார். மிஸியின் முதுகுக்குப் பின்னால் கம்பிக்குள் இருந்து அப்பா இப்போது என்னை முறைத்தார்.

"இல்லை" என்றேன். பன்னிரண்டு வருட உத்தியோகம்.

மிஸி பேனையை எழுதாமல் வைத்திருந்தார். "அவற்ற இடது பாதம் உள்ளுக்குத் திரும்புது. சுவரைத் தேடுது. விழாத கால் சுவரைத் தேடாது."

பயம் வந்தால் எனக்கு விக்கல் மாதிரிப் பகிடி வரும். "சம்மாட்டிக் கால் மிஸி. படகில நிண்ட கால். நிலம் ஆடாட்டித்தான் அதுக்கு வில்லங்கம்."

"ஆருக்கு எழும்புவார்?"

"ஆருக்கும் எழும்பார். ஆயர் ஆண்டகையே வந்தாலும் கதிரையில இருந்துகொண்டு, 'வாரும், இரும்' எண்டுதான் சொல்லுவார்."

அந்தப் பதிலை நான் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. முதலாவதைப் பொய்யென்று தெரிந்து சொன்னேன். ஏழாவதை உண்மையென்று நம்பிச் சொன்னேன். இரண்டும் பிழையாய்ப் போனது.

மிஸி எழுதினார். கூட்டினார். புள்ளி குறைந்துவிட்டது. முதல் நாள் இரவு இரண்டு தரம் விழுந்த ஒருவரை அவருடைய மகன் அழுதழுது கொண்டுவந்து சேர்த்திருந்தான். அந்த மகன் உண்மையைச் சொல்லியிருந்தான். அவனுடைய தகப்பனுக்குத் தொட்டில் கிடைத்தது. என்னுடைய தகப்பனுக்கு மூலைக் கட்டில். ஊராக்கள் வந்தார்கள். அப்பா தலையணையில் சாய்ந்துகொண்டு அவர்களுக்குக் கடல் நிலவரம் சொன்னார். நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு வெளியே போய்ப் பிளேன்ரீ குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை பக்கத்துக் கட்டில்காரருக்குக் கடுமையாகிவிட்டது. வீட்டார் சுவாமியாருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் சாகக் கிடக்கிறவருக்குப் பூசுகிற அவஸ்தைத் தைலம் பூச வந்தார், மணி இல்லாமல்தான். ஆனால் மனுசிமார் நிலத்தில் முழங்காலில் இருந்து மன்றாட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். அதற்கு எந்தக் கைக்குட்டையைச் சுற்றுவது?

மிஸிக்கு உடனே விளங்கியது. ஓடினார். எங்கே ஓட வேண்டுமோ அங்கே, தொட்டில்களுக்கு. ஏனென்றால் ஆபத்தானவர்கள் யார் என்று அவருடைய கையில் எழுதியிருந்தது. மூன்று கிழவர்கள் கம்பிக்கு மேலால் காலைப் போட்டு இறங்கப் பார்த்தார்கள். மிஸி மூன்று கட்டிலுக்கும் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "படுத்தே கும்பிடுங்கோ ஐயா! படுத்தே கும்பிடுங்கோ!" என்று கத்தினார்.

நான் கஞ்சிப் போத்தலோடு வாசலில் நின்றேன். அப்பாவைக் கண்டேன். அவர் மூலைக் கட்டிலால் இறங்கி, சுகமாக, நேராக, தன் வேலைக்காரனுடைய கட்டிலடியில் முழங்காலில் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மன்றாட்டு முடியும் வரைக்கும் ஆடவில்லை. முடிந்ததும் எழும்பப் போனார். பக்கத்தில் இருந்த சின்ன அலுமாரியைப் பிடித்தார். அலுமாரி நகர்ந்தது.

நல்ல மகனாக இருந்தால் பாய்ந்து ஓடியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கஞ்சிப் போத்தலை நிலத்தில் வைத்து, மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தேன். கஞ்சி சிந்தினால் யாரும் வழுக்கி விழக்கூடும் என்று அந்த நேரத்தில் எனக்குப் பொதுநலம் வந்தது. நிமிர்ந்தபோது மிஸி என்னைக் கடந்து ஓடிவிட்டார். அவர் ஓடிய சத்தத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அப்பா கத்தவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றும்போது நான் அழுகையும் கோபமுமாக, "ஏனப்பா இறங்கினனீங்கள்? உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டேன்.

"அவன் எனக்கு முப்பது வரியம் எழும்பி நிண்டவன்ரா" என்றார்.

யாராவது விழுந்தால் நிரப்ப வேண்டிய படிவம் வேறு. மிஸி அதை எடுத்துக்கொண்டு வந்து வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"முன்னம் விழுந்திருக்கிறாரோ?"

"ரெண்டு தரம்."

எழுதினார். எங்கே, எப்படி என்று கேட்டார். சொன்னேன். அதையும் எழுதினார்.

"அண்டைக்கு ஏன் தம்பி இல்லையெண்டனீங்கள்?"

"அப்பா வெக்கப்பட்டார் மிஸி."

"அவர் வெக்கப்பட்டவர், சரி. உங்களுக்கென்ன வந்தது?"

ஒரு பகிடியும் வரவில்லை.

"நானும் பிழை" என்றார் மிஸி. "கால் ஒண்டு சொன்னது. நீங்கள் ஒண்டு சொன்னீங்கள். நான் உங்களை எழுதினன்."

ஏசியிருந்தால் நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.

அதற்குப் பிறகு அந்த வாட்டில் ஒரு வழக்கம் வந்தது. படிவம் நிரப்பும்போது மகன்மார் வெளியில் நிற்க வேண்டும். மகள்மார் நிற்கலாம், பேரப்பிள்ளைகள் நிற்கலாம். மகன்மார் மட்டும் வாசலுக்கு அங்கால. புதிதாக வந்தவர்கள் ஏன் என்று கேட்டால் யாருக்கும் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருதயம் மயக்க மருந்தைத் தாங்காது என்று சொல்லி, பத்து நாளில் அதே அம்புலன்ஸில் திருப்பி அனுப்பினார்கள். எலும்பைப் பொருத்த வழியில்லை, படுத்தபடி வைத்துப் பார்க்க வேண்டியதுதான் என்று டொக்டர் சொன்னார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். டொக்டர்மார் தோளில் கை வைத்தால் நாட்கணக்கு என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்தவர்களுக்கும் புதிதாகப் படிவம் நிரப்ப வேண்டும். மிஸி அட்டையோடு கட்டிலடிக்கு வந்தார். நான் புது வழக்கப்படி வாசலுக்குப் போகப் பார்த்தேன். "நில்லுங்கோ" என்றார். மெதுவாக, தனக்குச் சொல்கிற மாதிரி, வாசித்து வாசித்து அடையாளமிட்டார். முன்பு விழுந்தவர், அதற்குப் புள்ளி. வேறு வருத்தம், புள்ளி. பிறகு வந்தவைதான் கொடுமை. எதைப் பிடித்து நடக்கிறார்? நடப்பதில்லை, படுக்கை. பூச்சியம். சேலைன் இல்லை. பூச்சியம். நடை? பூச்சியம். தன்னுடைய பலம் தனக்குத் தெரியுமா? மிஸி அப்பாவைப் பார்த்தார். அப்பா ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப தெரியும்" என்று மிஸி பூச்சியம் போட்டார்.

ஏழாவதைக் கேட்கவில்லை. கூட்டினார். ஒருமுறை கூட்டிவிட்டு, நம்பாமல் இரண்டாம் முறையும் கூட்டினார்.

"என்ன மிஸி?"

"ஆபத்துக் குறைவு" என்றார். "அப்பிடித்தான் வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றில் தொடங்கிய சிரிப்பு. நடந்து திரிந்த மனிதனுக்குப் பொய் சொல்லி நான் எடுத்துக் கொடுத்த அதே முடிவு, இப்போது ஒரு பொய்யும் இல்லாமல், ஒழுங்காக, கையெழுத்தோடு வந்திருக்கிறது. கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வாட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எப்போது அது சிரிப்பாக இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியாது.

மிஸி முக்காலி ஒன்றைக் காலால் இழுத்து எனக்குப் பின்னால் விட்டார்.

"இருங்கோ தம்பி."

"நான் நல்லாத்தான் நிக்கிறன் மிஸி."

"உங்கட முழங்கால் அப்பிடிச் சொல்லேல்லை. இருங்கோ."

இருந்தேனோ விழுந்தேனோ, முக்காலி கிறீச்சிட்டுப் பின்னுக்குப் போய்ச் சுவரில் முட்டியது. மிஸியின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு அப்பா தலையைத் திருப்ப முயன்றார். திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் கொண்டுவந்தார்.

"ஆரடா விழுந்தது?"

"ஒருத்தரும் விழேல்லை அப்பா" என்றேன்.

மிஸி பேனையை மூடினார்.